வூடு எரியுது, நீங்க குந்திகினு கீறீங்க

சேவியர் வண்டியின் மேல் சாய்ந்து நின்றுகொண்டு என்னிடம் கேட்டான்: "மாமு, வண்டிய எங்க வுட்ட?"

முதலில் தமாஷ் என்றுதான் நினைத்தேன். சேவியர் அப்படிப்பட்ட ஆள். நெருப்புக்குள் போய்விட்டு, கரி பூசின முகத்தோடு வெளியே வந்து, டீ சொல்லியாச்சா என்று கேட்பான். ஆனால் இப்போது அவன் முதுகு எங்கள் தீயணைப்பு வண்டியின் கதவில்தான் ஒட்டியிருந்தது. பம்ப் ஓடுகிற அதிர்வில் அவன் தோள்கூட லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த வண்டியைத்தான் எங்கே என்று கேட்கிறான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. வேர்வையும் இல்லை.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நாள் அது. தண்டையார்பேட்டையில் ஒரு சந்து முனை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. தார் இளகி பூட்ஸில் ஒட்டியது. சும்மா நிற்கிற எனக்கே காது மடலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சந்துக்குள்ளே எரிகிற வீட்டிலிருந்து, அவ்வளவு கனமான கோட்டோடு வெளியே வந்தவன் முகம் காய்ந்த பலகை மாதிரி இருந்தது.



பேஜாரு மாமு

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டின காலத்தைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்த சிலர், தீயணைப்பு வண்டிக்கு எப்போதுதான் வரப்போகிறாய் என்று கேட்டார்கள். இதோ வந்துவிட்டேன். ஆனால் நேர் ரோட்டில் போகிற மாதிரி எழுத எனக்கு வராது. அங்கங்கே நின்று, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிளீனர், லாரி, டிரெய்லர் என்று போய், கடைசியில் இந்தச் சிவப்பு வண்டியின் ஸ்டியரிங் கைக்கு வந்தது. அரசாங்க வேலை என்று என் வீட்டில் சந்தோஷம். நான் அன்றைக்கே பின்னால் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். டிரெய்லரில் போனால் கன்டெய்னர்தான் பின்னால் வரும். இதில் ஆட்கள் வருகிறார்கள்.

பயம் என் கூடவே பிறந்தது. வண்டியை விட்டு இறங்கினால் ஹேண்ட் பிரேக் போட்டேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்தபிறகு, சரியாகப் பார்த்தேனா என்று ஒரு யோசனை வரும். வீட்டில் கேஸ் சிலிண்டரை மூடினாயா என்று கேட்டுக் கேட்டே என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஸ்டேஷனில் எனக்குப் 'பேஜாரு மாமு' என்று பெயர், யாரையும் சும்மா இருக்கவிடாமல் தொல்லை பண்ணுகிறவன் என்று. வைத்தவன் சேவியர்தான்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நெருப்பு இருக்கிற இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது, பம்பை ஓட்டுவது, உள்ளே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது. மற்றவர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். நான் போகமாட்டேன். பம்பை விட்டு நகரக் கூடாது.

தைரியம் தேவைப்படாத வேலை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் வடசென்னைச் சந்துகளில் வண்டி எங்கே உள்ளே போகிறது? சந்து முனையில் நிறுத்திவிட்டு, குழாயை நீளமாக இழுத்துக்கொண்டு அவர்கள் உள்ளே போய்விடுவார்கள். எனக்கு வீடும் தெரியாது, ஆளும் தெரியாது. தெரிவதெல்லாம் பிரஷர் முள் ஒன்றுதான். முள் கொஞ்சம் துடித்தால் என் நெஞ்சும் துடிக்கும். குழாயை யாரோ மிதித்துவிட்டார்களா, பிடித்திருந்தவன் விழுந்துவிட்டானா என்று ஆயிரம் ஓடும். உள்ளே இருக்கிறவனுக்கு எதிரே ஒரு நெருப்பு இருக்கும். வெளியே நிற்கிற எனக்கு எத்தனையோ நெருப்பு.

பனியன் அளவுக்கு வெந்த முதுகு

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மனசு பெரிது. ஒரு வீடு பற்றிக்கொண்டால் தெரு முழுக்கக் குடத்தோடு வந்துவிடும். குழாயடியில் ஒரு குடத்துக்காகச் சண்டை போட்டவர்கள்கூட, அன்றைக்கு டிரம்மோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். நெருப்பில் ஊற்றுவது பாதி. மீதியை எங்கள் தலையில் ஊற்றுவார்கள்.

பாசத்தில் செய்வதுதான். கோட்டும் ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு மே மாச வெயிலில் நிற்பவனைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. மாடியிலிருந்து ஒரு பெண் பக்கெட்டோடு ஊற்றுவாள். "பாவம், வெந்துபோறானுங்க" என்பாள். எங்கள் ஆட்களும் தலையைத் தூக்கிக் காட்டுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதுதான் வழக்கம். உள்ளே போகிறதுக்கு முன்னால் உடம்போடு ஒரு குடம். நனையாமல் போகிறவனைப் பயந்தாங்கொள்ளி என்றுகூடச் சொல்வார்கள்.

அதில் இருக்கிற ஆபத்து வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நனைந்த துணியோடு அந்தச் சூட்டுக்குள் போனால், துணியிலிருக்கிற தண்ணீர் சும்மா இருக்காது. கொதிக்கும். கோட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் ஆவி கிளம்பும். இட்லிப் பானையில் நடக்கிற அதே வேலைதான். நெருப்பு தொடாமலே ஆள் வெந்துபோவான்.

ஆரம்ப காலத்தில் ஒருத்தரை அப்படிப் பார்த்தேன். ஒரு பழைய மரக்கிடங்கில் வேலை முடித்து வந்தவர், முதுகு எரிகிறது என்று சட்டையைக் கழற்றினார். பனியன் இருந்த இடம் மட்டும் கொப்பளித்திருந்தது. கை, கழுத்து எல்லாம் நன்றாக இருக்கிறது. ஈரப் பனியன் எந்த அளவோ அந்த அளவுக்குக் காயம். பனியனை வைத்துக் கோடு கிழித்த மாதிரி. அதைப் பார்த்ததிலிருந்து குடத்தோடு யார் வந்தாலும் எனக்கு உதறும்.

வேர்வையும் அதே வேலையைத்தான் செய்யும். வெயில் காலத்தில் எங்கள் ஆட்கள் உள்ளே போவதற்கு முன்பே நனைந்துதான் நிற்பார்கள். இதற்குப் பயந்து கோட்டே வேண்டாம், காக்கிச் சட்டையோடு போகிறேன் என்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம்.

மூலக்கொத்தளத்தில் ஒரு நாள்

நெருப்பை அணைத்துவிட்டு வந்து இறந்தவர் ஒருவர் உண்டு. வேறு ஸ்டேஷன் ஆள். கிருஷ்ணண்ணன் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். அந்த வண்டியில் நான் இல்லை. கூட இருந்தவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அதுவும் கோடைதான். ஏதோ குடோன். நெருப்பு அடங்கிவிட்டது. இவர் வண்டியின் பின்படியில் உட்கார்ந்து, தூக்கம் வருகிறது என்றிருக்கிறார். பாவம், களைத்திருக்கிறார், தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். குழாயெல்லாம் சுருட்டிவிட்டு எழுப்பப் போனால் எழுந்திருக்கவில்லை. உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. உடம்புக்குள்ளே ஏறின சூடு இறங்கவே இல்லை.

மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அங்கேயும் வெயில்தான். மண்ணைத் தள்ளும்போது எங்கள் ஸ்டேஷன் ஆபீசர் என் பக்கத்தில் நின்றிருந்தார். பிரபாகரன் என்று பெயர். அதிகம் பேசமாட்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் சொன்னார். இனி யாரும் தொடர்ந்து உள்ளே இருக்கக் கூடாது. ரெண்டு ரெண்டு பேராக மாற்றி மாற்றிப் போகணும். வெளியே வந்தவன் கோட்டைக் கழற்றிவிட்டு நிழலில் உட்காரணும், கையை முழங்கை வரைக்கும் குளிர்ந்த தண்ணீரில் வைக்கணும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், இத்தனை நாள் நாம் செய்யவில்லை. இனிமேல் செய்கிறோம் என்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "வெளிய நிக்கிறது நீதான். ஒருத்தன் உட்காராம திரும்பிப் போனா உன்னைத்தான் கேப்பேன். எனக்கே ஆர்டர் போடு, பரவால்ல."

மற்றவர்கள் சிரித்தார்கள். பேஜாரு மாமுவுக்கு பிரமோஷன் என்றான் சேவியர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவும் இல்லை. அதுவரைக்கும் என் பயம் என் சொந்த விஷயம். இப்போது அது டியூட்டி ஆகிவிட்டது.

ரஹீம் பாய் வீடு

தண்டையார்பேட்டைக்கு வருகிறேன்.

வீடு ரஹீம் பாய் என்பவருடையது. ஆட்டோவுக்கு சீட் கவர் தைக்கிறவர். கீழே குடும்பம், மாடியில் சமையற்கட்டு, அதற்கு மேலே ஷீட் போட்ட ஒரு ரூமில் ரெக்சினும் ஃபோமும் அடுக்கி வைத்திருந்தார். அங்கேதான் பற்றியது. ஃபோம் எரிந்தால் புகை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்பாக, கனமாக, கீழ் நோக்கி இறங்கி வரும்.

வீட்டு ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்த மட்டும் நிம்மதி. ஆனால் மாடியில் சிலிண்டர் இருந்தது. பக்கத்து வீடு சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குத் துணையாக வரவேண்டிய இரண்டாவது வண்டி கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது. கேட் திறந்தாலும் கன்டெய்னர் லாரிகள் வழிவிட வேண்டும்.

சேவியரும் முருகேசனும் முதலில் போனார்கள். முருகேசன் புதுப் பையன் இல்லை, சேவியரோடு பல வருஷம் ஜோடி சேர்ந்து வேலை பார்த்தவன். இரண்டு பேரும் சிலிண்டரைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தார்கள் என்று வாக்கிடாக்கியில் கேட்டது. நான் பம்பைப் பார்த்துக்கொண்டே, அவர்கள் உட்கார இடம் தயார் செய்தேன். மூடியிருந்த ஒரு கடையின் தார்ப்பாய் நிழல். ஒரு பிளாஸ்டிக் டப்.

டப்பில் ஊற்றத் தண்ணீர்தான் இல்லை. வண்டி டேங்க் தண்ணீர் வெயிலில் நின்று கொதித்துப்போயிருந்தது. கையை வைத்தால் சுடுகிறது. எதிரே மீன் விற்கிற தனம்மா, தன் தெர்மாகோல் பெட்டியை இழுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். காசிமேட்டிலிருந்து அன்றைக்கு எடுத்து வந்த ஐஸ் அதில் இருந்தது. கேட்டேன்.

"சங்கரா கீதுபா உள்ள. ஐஸ எடுத்தா மீனு இன்னா ஆவும்?" என்றாள்.

ஆளுங்க கையை வைக்க வேண்டும், வெந்துபோய் வருவார்கள் என்றேன். அவள் சந்துக்குள்ளே எட்டிப் பார்த்தாள். அப்புறம் மீனை ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, ஐஸைப் பெட்டியோடு என் டப்பில் கவிழ்த்தாள். மீன் செதிலெல்லாம் மேலே மிதந்தது.

முருகேசன் மட்டும் வந்தான்.

சேவியர் எங்கே என்றேன். முருகேசன் கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: எதிர்வீட்டு மாடியிலிருந்து ஜனங்கள் ரெண்டு பக்கெட் ஊற்றினார்களாம். சூடு இறங்கிவிட்டது, நீ போய் உட்கார், நான் போகிறேன் என்று சேவியர் திரும்பி உள்ளே போய்விட்டானாம். அடுத்த ஜோடியோடு மூன்றாவது ஆளாக.

எனக்குக் காதுக்குள்ளே பம்ப் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. நனைந்த கோட்டு. ஓய்வு இல்லை. வாக்கிடாக்கியை எடுத்து ஆபீசரைக் கூப்பிட்டேன்.  "சார், சேவியர் உக்காரல. நனைஞ்சிருக்கான். இப்பவே வெளிய அனுப்புங்க. ஆர்டர் சார்."

ஆர்டர் என்ற வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.  "அனுப்புறேன்" என்றார் ஆபீசர்.

சேவியர் சந்து வழியாக நடந்து வந்தான். காலை அகட்டி அகட்டி வைத்தான். வண்டியில் சாய்ந்தான். வண்டியை எங்கே விட்டாய் என்று கேட்டான்.

ஹெல்மெட்டின் மேல் தனம்மா

"குந்துடா" என்றேன்.

"இன்னா மாமு, பேஜாரு பண்ணிகினு கீற. இன்னும் கொஞ்சந்தான். பக்கத்து வூட்டுக்குத் தாவிடும்."

பேச்சு குழறியது. ஆனால் சொன்னது பொய் இல்லை. பக்கத்து வீட்டுக்குத் தாவக்கூடிய நெருப்புதான். அதுதான் என்னை அறுத்தது. அவன் வேண்டாத வீம்பு பிடித்திருந்தால் திட்டி உட்கார வைத்துவிடலாம். நியாயத்தோடு நிற்கிறவனை என்ன செய்வது?

கோட்டுப் பட்டனில் கை வைத்தேன். தட்டிவிட்டான். நல்ல பலசாலி, என்னைவிட இரண்டு மடங்கு. சந்துப் பக்கம் திரும்பினான். நான் எட்டி அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன். பம்பை விட்டு நகர முடியாது, ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. தனம்மாவிடம் கொடுத்தேன்.

அவள் அதை வாங்கித் தரையில் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"வா நைனா. வந்து எட்து பாரு" என்றாள் சேவியரிடம்.

ஹெல்மெட் இல்லாமல் உள்ளே போக ஆபீசர் விடமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். தலை கலங்கியிருந்தாலும் அது மட்டும் அவன் மண்டையில் பதிந்திருந்தது. அப்படியே நின்றான். முருகேசன் பின்னாலிருந்து பிடித்து அவனை நிழலில் உட்கார வைத்தான். கோட்டைக் கழற்றினோம். காலர் படுகிற இடம் சிவந்து கன்றியிருந்தது. கை இரண்டையும் ஐஸ் தண்ணீருக்குள் வைத்தோம்.

இதற்குள் கூட்டம் திரும்பி எங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அவர்கள் கண்ணுக்கு என்ன தெரியும்? சந்துக்குள்ளே கரும்புகை. இங்கே இரண்டு தீயணைப்பு ஆட்கள் சட்டைப் பட்டனை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, மீன் டப்பில் கையை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன் கிட்டே வந்தான்.

"வூடு எரியுது, நீங்க குந்திகினு கீறீங்க. சம்பளம் வாங்கல?"

பின்னாலிருந்து இன்னும் நாலு குரல். ஒருத்தர் என் சட்டையைப் பிடித்தார். சாதாரணமாக இப்படி யாராவது குரலை உயர்த்தினாலே நான் மன்னிப்புக் கேட்டுவிடுகிற ஆள். வண்டியை இடித்தது எதிராளியாக இருந்தாலும், முதலில் ஸாரி சொல்வது நான்தான்.

அன்றைக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. பிரஷர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினேன். "இவன் உள்ள வுழுந்தா, இவன தூக்க ரெண்டு பேரு குழாய வுட்டுட்டுப் போவணும். அப்ப அந்த வூட்டுக்குத் தண்ணி அடிக்கிறது யாரு, நீயா? புடிச்சிக்க போன. இவன் போவ மாட்டான்."

"டேய், தள்ளி நில்றா. காத்து வரட்டும்" என்றாள் தனம்மா, ஹெல்மெட்டை விட்டு எழுந்திருக்காமலே.

முருகேசனை நன்றாகப் பார்த்தேன். சேவியர் மாதிரி இல்லை, வேர்த்துக்கொண்டிருந்தது, பேச்சு சரியாக இருந்தது, நான் கொடுத்த உப்பு மோரைக் குடித்து முடித்திருந்தான். காய்ந்த கோட்டு ஒன்றை மாட்டிவிட்டு, வழியில் யாரையும் தண்ணீர் ஊற்ற விடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் சந்துக்குள் திரும்பின அதே நேரம் சேவியர் டப்பின் மேலேயே கவிழ்ந்தான்.

நான் போகமுடியாத ஆம்புலன்ஸ்

கூட்டத்தின் கோபம் அப்படியே அடங்கிப்போனது. யாரோ சோடா கொண்டுவந்து அவன் வாயில் ஊற்றப் போனார்கள். தடுத்தேன். நினைவில்லாதவன் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். தலையில் ஊற்றுங்கள் என்றேன்.

போன் வைத்திருந்த அந்த இளைஞன் குழம்பிப்போய், "இப்பதான் ஊத்தக் கூடாதுன்ன?" என்றான்.

"அது உள்ள போறவனுக்கு. இவன் இனிமே போவ மாட்டான். இவனுக்கு ஊத்து. நல்லா ஊத்து."

போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு அவன்தான் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினான். தனம்மா ஐஸைத் துணியில் அள்ளி சேவியர் கழுத்திலும் அக்குளிலும் வைத்து அழுத்திப் பிடித்தாள். அவள் விரலெல்லாம் விறைத்து வெளுத்துவிட்டது. எடுக்கவில்லை. ஒரு அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஒருத்தர் வரவேண்டும் என்றார்கள்.

நான் பம்பிலிருந்து கையை எடுக்க முடியாது. உள்ளே மூன்று பேரும் ஆபீசரும் இருக்கிறார்கள். நான் விட்டுவிட்டுப் போனால் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் நெருப்பு அவர்கள் மேல் திரும்பும். ஸ்ட்ரெச்சரில் சேவியர் வாய் பாதி திறந்து கிடக்கிறான். தூக்கம் வருகிறது என்று சொன்ன கிருஷ்ணண்ணன் ஞாபகம் வருகிறது. என் கால் இரண்டும் ஆம்புலன்ஸ் பக்கம்தான் திரும்பியிருந்தன.

அப்போது ரஹீம் பாய் வந்தார். அதுவரைக்கும் சந்து ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர். அவர் வீடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க மெஷின வுட்டு வராதீங்க. நான் போறேன்" என்றார்.

"பாய், உங்க வூடு..."

"இங்க நின்னு நான் இன்னா செய்யப்போறேன், அண்ணே? அங்கயாவது ஒரு ஆளு வேணும்ல."

சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார். கதவு மூடினது. நான் முள்ளைப் பார்த்தேன். முள் மங்கலாகத் தெரிந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பிரஷர் சரியாக இருந்தது. அதைச் சரியாகவே வைத்திருந்தேன். அடுத்தவன் வெளியே வந்தான். உட்கார வைத்தேன். கோட்டைக் கழற்று என்றேன், கையை விடு என்றேன். இப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களே நிழலுக்கு இன்னொரு தார்ப்பாய் கட்டினார்கள். மாடியிலிருந்து பக்கெட்டோடு எட்டிப் பார்த்த பெண்ணிடம், ஊத்தாதம்மா, வெந்துருவாங்க என்று கீழேயிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

ஆபீசரும் ஒரு தடவை வந்தார். நான் டப்பைக் காட்டினேன். கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது வண்டி கேட்டைத் தாண்டி வந்து சேர்ந்தது. மேல் ரூம் போய்விட்டது. ஃபோம், ரெக்சின், தையல் மெஷின் எல்லாம் போய்விட்டன. மாடியும் கீழ் வீடும் கரியோடு தப்பின. பக்கத்து வீட்டுக்கு நெருப்பு தாவவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தா

வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினவன் உள்ளே போகவில்லை. டீக்கடைப் பக்கம் ஒரு நடை நடந்தேன். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். அதற்கும் பயந்துதான் பண்ணவில்லை.

வராந்தாவில் ரஹீம் பாய் உட்கார்ந்திருந்தார். காலடியில் சேவியரின் பூட்ஸ் இரண்டும் ஜோடியாக இருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்தார். 

"கண்ண முழிச்சிட்டாரு அண்ணே" என்றார். "பேரு கேட்டா சொல்றாரு. சாயங்காலமான்னு கேட்டாரு. சரியாத்தான் கேட்டாரு."

 வீட்டில் எதெல்லாம் தப்பியது என்று அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அல்லா பார்த்துக்கொள்வான் என்றார். பிறகுதான் அவருக்குக் கண் கலங்கியது. நான் அவர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே சேவியர் சலைன் ஏறிக்கொண்டிருக்கப் படுத்திருந்தான். கழுத்தில் மருந்து தடவியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது.

"என் ஹெல்மெட்ட மீன்காரம்மா கைல குடுத்துட்டியாமே" என்றான். "இனிமே அத நான் எப்டி தலைல போடுவேன்?"

 அவன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். சூடு இல்லை. சாதாரணமான ஒரு மனுஷன் விரல் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தவன், மூடினபடியே கேட்டான்.

"பக்கத்து வூடு?"

"தாவல."

"அப்ப சரி."

சேவியரின் மனைவி ரோசி ராயபுரத்திலிருந்து வந்திருந்தாள். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை. செய்தி கேட்டு, வேலைக்குக் கட்டியிருந்த தலைத்துணியோடு அப்படியே ஓடி வந்திருக்கிறாள். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அவர வெளிய இட்டாரணும்னு உனக்கு எப்டிண்ணே தெரிஞ்சிச்சி?"

பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படி ஒன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"தெரிலம்மா. பயமா இருந்திச்சி. அவ்ளோதான்."

ரோசி தலைத்துணியை அவிழ்த்து, முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"வண்டி சத்தம் கேட்டாலே செய்யற வேலைய வுட்டுட்டு வாசலுக்கு ஓடுவேண்ணே. ஊர்ல இத்தினி பேரு கீறாங்க, நான் ஒருத்திதான் இப்டி பயந்துகினு கெடக்கிறேன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். "இனிமே டியூட்டில இருக்கிறப்ப நீ பயந்துக்கண்ணே. வூட்டுக்கு வந்தப்புறம் நான் பாத்துக்கிறேன்."

சரிம்மா என்றேன்.